குளிர்நாட்டுத் தோட்டத்தில் வாழை குலை தள்ள

தென் இங்கிலாந்தில் தமிழர் வீட்டுப் பின்தோட்டங்களில் வாழை இன்று அரிய காட்சியல்ல. மே மாதத்தில் அது குருத்து விடுகிறது, ஆகஸ்டில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது, நவம்பரின் உறைபனியில் கறுத்துத் தொங்குகிறது. பிறகு நிலமட்டத்தோடு வெட்டப்பட்டு வைக்கோலால் மூடப்படுகிறது. அடுத்த மே மாதத்தில் மீண்டும் துளிர்க்கும்போது வளர்த்தவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பத்து ஆண்டு கழிந்தாலும் அந்த வாழை பொத்தி, அதாவது வாழைப்பூ, தள்ளுவதில்லை. உரம் போதவில்லை, மண் சரியில்லை என்று பலரும் காரணம் தேடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஆண்டுதோறும் வெட்டி எறியப்படும் அந்தத் தண்டிலேயே இருக்கிறது.

வாழைத்தண்டு என்று நாம் வெளியே காண்பது ஒன்றையொன்று இறுகத் தழுவிய இலைமடல்களின் உருளை மட்டுமே. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அதன் உச்சியில், ஏறத்தாழ நிலமட்டத்தில் இருக்கும் வளர்முனை, இலைகளை ஒவ்வொன்றாக உருவாக்கி மடல்களின் நடுவே மேலே அனுப்புகிறது. இனத்தைப் பொறுத்து ஏறத்தாழ 30 முதல் 40 இலைகளை உருவாக்கிய பின்னரே அது பூங்கொத்தாக மாறும். அப்படி மாறும் வேளையில் பத்து அளவிலான இலைகள் இன்னும் மடலுக்குள் சுருண்டு காத்திருக்கும். அவை வெளிவந்து முடிந்த பிறகே பொத்தி உருளையின் நடுவே ஏறி உச்சியில் தலை காட்டும். ஆகவே பனியில் மேல்தண்டு செத்தால், அதற்குள் காத்திருந்த இலைகளும் ஒருவேளை ஏறத் தொடங்கியிருந்த பூவும் சேர்ந்தே போய்விடும். வசந்தத்தில் பெரும்பாலும் கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் குட்டிதான் முந்திக்கொண்டு எழும்பும். இலைக்கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பின்வரும் வேலைகள் யாவும் அதிலிருந்தே பிறக்கின்றன. யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ நீரும் உரமும் பெற்ற வாழை ஏழு முதல் பத்து நாளுக்கு ஓர் இலை விடும். சராசரி வெப்பம் 16 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் புதிய இலை வருவது ஏறக்குறைய நின்றுவிடும். லண்டனில் ஆண்டின் மிக வெப்பமான ஜூலை மாதத்தின் சராசரியே 19 பாகை அளவுதான். திறந்த தோட்டத்தில் மே இறுதியிலிருந்து செப்டெம்பர் இறுதி வரை இரண்டு வாரத்துக்கு ஓர் இலை என்று வைத்துக்கொண்டால், ஒரு கோடையில் ஒன்பது இலை கிடைக்கும். 35 இலைக்கு நான்கு கோடை வேண்டும், அதுவும் இடையில் வரும் குளிர்காலங்களில் தண்டு சாகாமல் இருந்தால். அதே செடியை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பசுமைக்குடிலுக்குள் பத்து நாளுக்கு ஓர் இலை விடும் வெப்பத்தில் வைத்திருந்தால் 21 இலை வரும். இரண்டாவது கோடை முடியுமுன் கணக்கு நிறைந்துவிடும். உண்ணத்தக்க பழம் வேண்டுமானால் இங்கே கண்ணாடியோ பாலித்தீனோ மூடிய இடம் ஒன்று வேண்டும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

இது புதிய அனுபவமுமல்ல. டார்பிஷயரின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், மொரீசியசிலிருந்து வந்த இனம் ஒன்றைச் சூடாக்கிய கண்ணாடிக் கூடத்தில் வளர்த்து, 1835 நவம்பரில் பூக்கச் செய்தார். மாளிகைக்கு உரிய பிரபுவின் குடும்பப் பெயரே அந்த இனத்துக்குச் சூட்டப்பட்டது. இன்று உலகச் சந்தையை ஆளும் கேவண்டிஷ் வாழைகளின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டில் அந்த இனத்துக்கு வழங்கும் மோரிஸ் என்ற பெயரிலும் மொரீசியசின் சாயல் இருக்கிறது. ஐஸ்லாந்தில்கூட, பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரால் சூடாக்கப்படும் கூடங்களில் வாழை பழுக்கிறது.

எந்த வாழையை வாங்குவது

கடையில் "குளிர் தாங்கும் வாழை" என்று விற்கப்படுவது பெரும்பாலும் மூசா பாஸ்ஜூ. இதன் கிழங்கு மூடாக்கின் கீழ் கடும் உறைபனியையும் தாங்கும்; தண்டைக் காத்தால் இங்கிலாந்தில் திறந்தவெளியிலேயே பூக்கும். ஆனால் அதன் காய் சிறியது, விதை நிறைந்தது, தின்ன உதவாது. பூவைக் காணும் ஆசை மட்டும் உள்ளவருக்கும், முதன்முதலாகக் கை பழகுபவருக்கும் இது போதும். சிவந்த பெரிய இலைகளோடு விற்கப்படும் எத்தியோப்பிய வாழை, அதாவது என்செட், உறைபனியையும் தாங்காது, பக்கக்கன்றும் விடாது, பூத்தவுடன் மாண்டுபோகும். இணையத்தில் விற்கும் வாழை விதைகளைப் பற்றி ஒரு சொல் போதும்: நாம் உண்ணும் வாழைக்கு முளைக்கும் விதை கிடையாது, ஆகவே அந்த விதைகள் காட்டு இனங்களுடையவை.

பழத்துக்காக வளர்ப்பவருக்கு என் பரிந்துரை கூழை கேவண்டிஷ். இரண்டு மீட்டர் அளவில் நின்றுவிடுவதால் குடிலின் கூரையில் இடிக்காது. ஆய்வுக்கூடத்தில் திசுவிலிருந்து வளர்த்தெடுத்த திசு வளர்ப்புக் கன்றாக எளிதில் கிடைக்கும். அதன் குறை, குளிரில் குலை தொண்டையில், அதாவது தண்டின் உச்சியில் இலைகள் பிரியும் இடத்தில், சிக்கிக்கொள்வது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். மொந்தன், கற்பூரவல்லி போன்ற இனங்கள் குளிரையும் வறட்சியையும் கேவண்டிஷைவிட நன்றாகத் தாங்குகின்றன. ஆனால் அவை உயரமாக வளர்பவை, உயர்ந்த கூரை இல்லாதவர் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. சிறுமலையிலும் பழனி மலைச்சரிவிலும் விளையும் மலைவாழை குளிருக்குப் பழகியது என்று ஊரிலிருந்து கிழங்கு கொண்டுவர எண்ணுபவர்கள் உண்டு. அந்த மலைகளின் குளிர் இங்கிலாந்துக் குளிர்காலத்துக்கு ஈடாகாது. மேலும் மலைவாழையை அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்ற முடிக்கொத்து என்னும் வைரசு நோய் கிழங்கோடு பயணம் செய்யக்கூடியது. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றை உள்ளூரில் வாங்குவதே முறை.

நடுதலும் வளர்த்தலும்

கன்று வந்ததும் பெரிய தொட்டியில் வைத்துவிட வேண்டாம். வேர் எட்டாத ஈரமண் குளிரில் புளித்துக் கிழங்கை அழுகச் செய்யும். இரண்டு லிட்டர், பத்து லிட்டர், பிறகு ஐம்பது அல்லது அறுபது லிட்டர் என்று படிப்படியாக மாற்ற வேண்டும். தொட்டி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எருவும், நீர் வடிவதற்குப் பருமணலோ பெர்லைட் எனும் இலேசான வெண்கல் துகளோ கலந்திருக்கட்டும். குடிலுக்குள் நிலத்திலேயே நட இடமிருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. தொட்டியில் நிற்கும் வாழை தரும் குலை எப்போதும் சிறியதுதான்.

கோடையில் வாழையைப் பட்டினி போடக் கூடாது. இலை விரைந்து வரும் ஜூன், ஜூலை மாதங்களில் தழைச்சத்தும், அதைவிடக் கூடுதலாகச் சாம்பல்சத்தும் தேவைப்படும். தக்காளிக்கென்று விற்கும் திரவ உரத்தில் சாம்பல்சத்து மிகுதி என்பதால், வாரம் ஒருமுறை அதையும் இரு வாரத்துக்கு ஒருமுறை பொதுவான தழையுரம் ஒன்றையும் கொடுத்தால் போதும். வெயில் நாளில் பெரிய தொட்டிக்குத் தினமும் நீர் வேண்டியிருக்கும். குழாயிலிருந்து நேரே வரும் குளிர்நீரைவிட, குடிலுக்குள் வாளியில் ஒரு நாள் வைத்து வெதுவெதுப்பான நீரையே நான் ஊற்றுவேன்.

பக்கக்கன்றுகளை, நம் வழக்கில் குட்டிகளை, இரக்கமின்றி நீக்க வேண்டும். ஊரில் ஒரு மூட்டில் மூன்று நான்கு நின்றாலும் தாய் குலை போடும். இங்கே கிடைக்கும் சிறிதளவு வெப்பத்தையும் ஒளியையும் பங்கிட்டுக் கொடுக்க இயலாது. பொத்தி வெளிவரும் வரை ஒரு குட்டிகூட வேண்டாம். அதன் பிறகு, ஈட்டி போன்ற ஒடுங்கிய இலையுடன் மூட்டோடு ஒட்டி எழும் தடித்த குட்டி ஒன்றை மட்டும் விட்டுவைக்கலாம். அகன்ற இலையோடு மெலிந்து வரும் நீர்க்கன்று உதவாது.

இலையை வெட்டுவது பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். தைப்பொங்கலுக்கோ திவசத்துக்கோ வீட்டு வாழையில் தலைவாழை இலை வெட்டும் ஆசை நம்மவர்களுக்கு எளிதில் அடங்காது. பூ வந்த பிறகு வாழை புதிய இலை விடுவதில்லை. அப்போது நிற்கும் இலைகளே குலை முழுவதையும் ஊட்டி வளர்க்க வேண்டும். அவை எட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் காய் திரளும். இலை வேண்டியவர் பாஸ்ஜூ ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு அதை வெட்டட்டும்.

குளிர்காலத்தைக் கடத்தல்

கேவண்டிஷ் உறைபனியை ஒரு நாளும் தாங்காது. இரவு வெப்பம் 10 பாகையைத் தொடும்போதே, அதாவது பெரும்பாலும் செப்டெம்பர் இறுதியில், அதை உள்ளே எடுத்துவிட வேண்டும். குளிர்காலம் முழுவதும் 12 பாகைக்குக் குறையாத வெப்பமும், கிடைக்கும் அளவு ஒளியும் இருந்தால் இலைகள் பெரும்பாலும் நிலைக்கும். அவ்வளவு செலவு செய்ய இயலாதவர், சூடாக்கிய வீட்டின் தெற்கு நோக்கிய சன்னலோரத்தில் வைக்கலாம். குளிர்காலத்தில் செத்த வாழைகளில் பல குளிரால் செத்தவையல்ல, நீர் மிகுதியால் கிழங்கு அழுகிச் செத்தவை. மேல்மண் நன்றாகக் காய்ந்து, விரலை விட்டுப் பார்த்தால் உள்ளும் ஏறக்குறைய உலர்ந்திருக்கும்போது மட்டும் சிறிதளவு ஊற்றினால் போதும். வீட்டின் வறண்ட காற்றில் இலையின் அடியில் செஞ்சிலந்தி பெருகும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையின் இருபுறமும் துடைப்பதே அதற்கு எளிய மருந்து.

வெளியே நிற்கும் பாஸ்ஜூவுக்கு முறை வேறு. முதல் உறைபனி இலைகளைக் கருக்கிய பிறகு அவற்றைக் காம்போடு வெட்டிவிட்டு, தண்டை மட்டும் முழு உயரத்துக்கும் விட்டுவைக்க வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டுக் கோழிவலையால் கூண்டு கட்டி, அதற்குள் உலர்ந்த வைக்கோலைத் தளர்வாகத் திணித்து, மழைநீர் இறங்காதபடி உச்சியில் மட்டும் ஒரு தகட்டையோ கவிழ்த்த தொட்டியையோ வைக்கலாம். பக்கங்களைப் பாலித்தீனால் இறுகச் சுற்றுவது தவறு. உள்ளே ஈரம் தேங்கித் தண்டு சளசளவென்று அழுகும். ஏப்ரலில் கூண்டைப் பிரித்தாலும் வைக்கோலைச் சில வாரம் அருகிலேயே வைத்திருங்கள். மே மாதத்திலும் உறைபனி வருவதுண்டு. மூன்று குளிர்காலங்கள் தண்டைக் காத்தால் நான்காம் கோடையில் பூவை எதிர்பார்க்கலாம்.

பொத்தி முதல் பழம் வரை

புதிய இலைகள் ஒன்றைவிட ஒன்று குறுகி வரத் தொடங்கினால் கணக்கு நிறைந்துவிட்டது என்று பொருள். இறுதியில் மிகச் சிறிய இலை ஒன்று நிமிர்ந்து நிற்கும், தண்டின் கழுத்து சற்றுப் பருக்கும், பிறகு செம்மையும் ஊதாவும் கலந்த பொத்தி எட்டிப் பார்க்கும். இந்த வாரங்களில் குளிர் பட்டால் கூழை இனங்களில் குலைக்காம்பு நீள இயலாமல் பொத்தி தொண்டையிலேயே நின்றுவிடும். ஆண்டு முழுவதிலும் சூடாக்கியைப் பயன்படுத்த ஒரே ஒரு மாதத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை இந்த மாதத்தில் செலவிட வேண்டும்; இரவிலும் 15 பாகைக்குக் கீழே போக விடக்கூடாது.

பொத்தி மேயிலோ ஜூனிலோ வந்தால் நற்பேறு. கோடை முழுவதும் காய் திரளலாம். வெப்ப நாட்டில் மூன்று, நான்கு மாதத்தில் முற்றும் குலை இங்கே ஆறு மாதத்துக்கு மேலும் எடுக்கும். அக்டோபரில் வரும் பொத்தியைக் காப்பதற்குக் குளிர்காலம் முழுவதும் குடிலைச் சூடாக்க வேண்டியிருக்கும். அதற்கு வசதியில்லாதவர் தயங்காமல் பொத்தியை வெட்டி வறை செய்து, தண்டையும் சமைத்து, அடுத்த குட்டியை வளர்ப்பதே அறிவு.

மூடிய குடிலுக்குள் வண்டும் தேனீயும் வராதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. உண்ணும் வாழைக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை. மடல்கள் ஒவ்வொன்றாக விரிந்து சீப்புகள் வெளிவந்து, இறுதியில் காயாகத் திரளாத பூக்கள் மட்டும் வரத் தொடங்கியதும், கடைசிச் சீப்புக்கு ஒரு சாண் கீழே காம்பை வெட்டிப் பொத்தியை எடுத்துவிடலாம். தொட்டி வாழையில் மேல் நான்கு சீப்புகளை மட்டும் விட்டுக் கீழுள்ளவற்றை நீக்கினால் மிஞ்சியவை ஒழுங்காகப் பருக்கும். குலை தலைகீழாகத் தொங்கும் பக்கம் தண்டு சாயும் என்பதால் கவட்டைக் கழி ஒன்றால் முட்டுக் கொடுக்க வேண்டும்.

காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டு வருவதே முற்றியதன் அடையாளம். குளிர்நாட்டுக் காயில் அந்த விளிம்பு முழுவதும் மறைவதில்லை. முக்கால் பங்கு உருண்டு, பல வாரமாக மேலும் பருக்காமல் நின்றால் வெட்டிவிடலாம். வெட்டிய குலையைச் சீப்புச் சீப்பாகப் பிரித்து, 18 முதல் 20 பாகை வெப்பமுள்ள அறையில், பழுத்த ஆப்பிள்கள் சிலவற்றோடு ஒரு பெட்டியில் மூடி வையுங்கள். ஊரில் குழி தோண்டிப் புகை போட்டபோது புகையிலிருந்த எத்திலீன் செய்த வேலையை இங்கே ஆப்பிளிலிருந்து வெளிவரும் எத்திலீன் செய்யும். 13 பாகைக்குக் கீழுள்ள கொட்டகையிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ வைத்தால் தோல் சாம்பல் நிறமாகிக் கறுக்குமே தவிரப் பழம் கனியாது.

குலை வெட்டிய தாய்மரத்தை உடனே அடியோடு வெட்ட வேண்டாம். அதில் எஞ்சிய நீரும் சத்தும் சில வாரம் குட்டிக்கு இறங்கும். இலைகள் பழுத்த பிறகு மேலிருந்து பகுதி பகுதியாக வெட்டி வரலாம். விட்டுவைத்த குட்டி அந்த இலையுதிர்காலத்தில் முழங்கால் உயரத்தையாவது எட்டியிருந்தால், தாயின் வேரும் கிழங்கும் அதற்குத் துணையிருப்பதால், புதிதாக வாங்கிய திசு வளர்ப்புக் கன்றைவிட விரைவாக அது குலை தள்ளும்.