4எச் விளக்கு அணையவே மாட்டேன் என்றால்

2எச் (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும்), 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும்), 4எல் (நாலும், குறைந்த வேக கியரில்) என்று மூன்று நிலை உள்ள பார்ட்-டைம் ஃபோர்-வீல் டிரைவ் வண்டி, அதாவது வேண்டும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கு மாற்றுகிற வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இது.

காய்ந்த தார் ரோட்டில் எப்போதும் 2எச். மணல், சேறு, சரளை, பனி என்று வழுக்குகிற தரை வந்தால் 4எச், அதுவும் உள்ளே இறங்குவதற்கு முன்பே. ஓடும்போதே மாற்றலாம், எந்த வேகம் வரை என்பது கையேட்டில் இருக்கும். சக்கரம் புதைந்து வெறுமனே சுழலும்போது மட்டும் மாற்றாதீர்கள், உள்ளே பல் தேயும்.

4எல் வேகத்துக்கு அல்ல, இழுவைக்கு. பாறை, செங்குத்து ஏற்றம், அப்புறம் எல்லோரும் மறக்கிற இறக்கம்: முதல் கியரில் விட்டு, கிளட்சைத் தொடாமல் இருந்தால் எஞ்சினே பிடித்துக்கொண்டு நடக்கிற வேகத்தில் இறக்கிவிடும். இதற்கு மாற்ற, பெரும்பாலான வண்டிகளில் நிறுத்தி நியூட்ரலுக்கு வர வேண்டும். சரிவில் நின்றால் ஹேண்ட்பிரேக் கட்டாயம், ஏனென்றால் லிவர் 4எச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவில் நின்றுவிட்டால் கியரில் இருந்தாலும் வண்டி உருளும்.

நான் மாட்டிக்கொண்டது இதிலெல்லாம் இல்லை, 2எச்சுக்குத் திரும்புவதில். மண் பாதை முடிந்து தார் ரோடு ஏறி, ஒரு இறுக்கமான திருப்பத்தில் ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது, வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் திக்கியது. 2எச் போட்டேன், விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். விஷயம் என்னவென்றால், திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும், 4எச்சிலோ இரண்டு அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கும். மண்ணில் டயர் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் அதற்கு வழியில்லாமல் முறுக்கு உள்ளேயே ஏறி, பல்லை விடாமல் கவ்விக்கொள்ளும். நிறுத்தி, 2எச்சிலேயே வைத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து சில மீட்டர் ரிவர்ஸ் போங்கள். ஒரு 'டக்' சத்தம், விளக்கு அணைந்துவிடும். லிவரை ஓங்கி இழுக்காதீர்கள், நான் இழுத்துப் பார்த்துவிட்டேன்.

சொந்த விருப்பம் கேட்டால், திருகும் பொத்தானைவிட லிவர்தான் எனக்குப் பிடிக்கும். விழுந்ததா இல்லையா என்று கையிலேயே தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: "என் வண்டியில் 4எச் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டுகிறேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்று இரண்டு பேர் கேட்டார்கள். நடுவில் டிஃபரென்ஷியல் (முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்லமைப்பு) உள்ள ஃபுல்-டைம் வகை அது, ஓட்டலாம். ஆனால் அதன் நடு லாக்கைப் போட்டுவிட்டால் மேலே சொன்ன அதே கதைதான்.