கண்ணாடி மாற்றினேன், கார் இடப்பக்கம் இழுத்தது

திண்டிவனம் தாண்டி ஒரு லாரி டயரிலிருந்து தெறித்த கல், என் காரின் முன்கண்ணாடியில் விரிசல் விட்டது. வெளிக் கடையில் புதுக் கண்ணாடி போட்டேன். அப்புறம்தான் தொல்லை. ஸ்டியரிங்கைத் தானே லேசாகத் திருப்பி, காரைச் சாலைக் கோடுகளுக்குள் வைத்திருக்கும் லேன் அசிஸ்ட் வேலை செய்யும்போதெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம் மெல்ல இழுக்கும்.

வீல் அலைன்மென்ட் என்று நினைத்துச் செலவழித்தேன். வீண். லேன் அசிஸ்ட்டை அணைத்து ஓட்டிப் பார்த்தபோது கார் நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்!

குற்றவாளி, பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா. கோடுகளைப் பார்ப்பது அதுதான். முன்கண்ணாடியைக் கழற்றி மாட்டும்போது அது 1 டிகிரி திரும்பினாலே 50 மீட்டர் தொலைவில் கிட்டத்தட்ட 87 செ.மீ. பிசகும். நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே 3.5 மீட்டர்தான்.

சர்வீஸ் சென்டரில் கேலிப்ரேஷன், அதாவது கேமராவின் பார்வையைச் சரிசெய்யும் வேலை, செய்தார்கள். டயர் காற்றைச் சரிபார்த்து, டிக்கியில் கிடந்த சாமான்களை இறக்கி, சமதளத்தில் நிறுத்தி, முன்னால் அளந்து வைத்த குறிப்பலகையைக் கேமராவுக்குக் காட்டினார்கள். பிறகு கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் ஒரு ஓட்டம். முன்பம்பரில், முன்னால் போகும் வண்டிகளைக் கவனிக்கும் ரேடாரை மறைத்துத் தொங்கிய எலுமிச்சை மிளகாயையும் மெக்கானிக் சிரித்துக்கொண்டே கழற்றினார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இழுப்பு நின்றது. கண்ணாடி மாற்றுகிறவர்கள், கேலிப்ரேஷனும் சேர்த்தா என்று கடையில் முதலிலேயே கேளுங்கள். நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.