காப்பிக்கொட்டைக்கு மணமேற்றப் பழைய விஸ்கி, வைன் பீப்பாய்: பார்த்து வாங்குவது எப்படி?

விஸ்கி பீப்பாயில் வைத்து எடுத்த காப்பி என்று பெருநகரக் கடைகளில் பாக்கெட் வர ஆரம்பித்த பிறகு, பழனி மலைத் தோட்டக்காரர்கள் சிலருக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர் பக்கம் நல்ல அராபிகா வகைக் காப்பி விளைகிறது. காய்ந்த கொட்டையின் தோலை நீக்கித் தரம் பிரிக்கும் கியூரிங் செய்ய மலையடிவாரத்தில் பட்டிவீரன்பட்டி இருக்கிறது. இல்லாதது பீப்பாய் ஒன்றுதான்.

பழைய பீப்பாயைத் தேர்ந்தெடுப்பது பற்றி இணையத்தில் தேடினால், பீர் காய்ச்சுபவர்களுக்கு எழுதிய குறிப்புகள்தான் அதிகம் கிடைக்கும். அவற்றை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவர்களுக்குப் பீப்பாய் ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாது. கசிந்தால் தண்ணீர் ஊற்றி மரத்தை உப்பவைத்து இடைவெளியை அடைப்பார்கள். நாம் வைக்கப்போவது உலர்ந்த கொட்டை. நூலிழைக் கசிவு நமக்கு ஒரு பொருட்டே இல்லை, ஈரம்தான் எமன். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

வறுக்காத பச்சைக் கொட்டை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். மிளகு மூட்டைக்கும் ஏலக்காய் மூட்டைக்கும் அருகே காப்பியை அடுக்கக் கூடாது என்பது அதனால்தான். அந்தக் குணத்தைத்தான் இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். வறுக்கும் சூட்டில் சாராயம் ஆவியாகிவிடும், குடிப்பவருக்குப் போதை ஏறாது. மணம் மட்டும் நிற்கும்.

முதல் படி: உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள்

முதல்முறை செய்பவர்களுக்கு என் தேர்வு பூர்பன் பீப்பாய். பெரும்பாலும் மக்காச்சோளத்தில் செய்யும் அமெரிக்க விஸ்கிதான் பூர்பன். அமெரிக்கச் சட்டப்படி பூர்பனை உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக்கலனில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு அடுத்த பூர்பனுக்கு உதவாது. அதனால் அவை உலகம் முழுக்க விலைக்குப் போகின்றன. பெங்களூரு அம்ருத், கோவா பால் ஜான் போன்ற நம் நாட்டு விஸ்கிகளும் இப்படி வந்த பூர்பன் பீப்பாய்களில் முதிர்பவைதான். அமெரிக்க ஓக்கிலிருந்து வனிலாவும் லேசான தேங்காய் வாசனையும் வரும். நம் மலைக் காப்பியோடு இது சண்டை போடுவதில்லை.

ரம் பீப்பாயும் நல்லது. வெல்லப்பாகு மணம் தரும். பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு இதுவே அதிகம் பிடிக்கும் என்பது என் கணிப்பு.

பீட் என்னும் மட்கிய சதுப்புநில மண்ணை எரித்த புகையில் வாட்டிய மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், செய்த விஸ்கி இருக்கிறதே, அதன் பீப்பாயைத் தொடாதீர்கள். அந்தப் புகை காப்பியை முழுங்கிவிடும். விறகடுப்பு மூட்டிய அறையில் கொட்டையை விட்டுவைத்தது போல்தான் கோப்பையில் தெரியும்.

வைன் பீப்பாய் ஆசைகாட்டும். நாசிக்கிலும் நந்தி மலைப் பக்கமும் வைன் செய்பவர்கள் இருக்கிறார்கள், விசாரித்தால் கிடைக்கலாம். இதன் உட்புறத்தைப் பெரும்பாலும் கருக்குவதில்லை, வாட்டுவதோடு சரி. சிவப்பு வைன் என்றால் பழவாசனை கொட்டையில் அழகாக ஏறும். ஆனால் விஸ்கி பீப்பாயில் மரத்துக்குள் ஊறியிருப்பது ஐம்பது சதவீதத்தை ஒட்டிய சாராயம். பூஞ்சை அதில் எளிதில் பிழைக்காது. வைனில் பன்னிரண்டு, பதினான்கு சதவீதம்தான். காலியாகிச் சில வாரம் சும்மா கிடந்தாலே புளிப்பும் பூஞ்சையும் குடியேறிவிடும். அதைத் தடுக்கக் கந்தகத்தை உள்ளே எரித்து மூடிவைப்பார்கள். அந்தக் கந்தக வாசனையும் காப்பிக்கு ஆகாது. இரண்டாவது, மூன்றாவது முறை செய்யும்போது வைன் பக்கம் போகலாம்.

இரண்டாம் படி: மூக்கை வையுங்கள்

காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் முடிவு சொல்வது மூக்குதான். பீப்பாயின் வயிற்றில் இருக்கும் துளையின் தக்கையை எடுத்துவிட்டு முகருங்கள். விஸ்கி வாசனையும் மரவாசனையும் பளிச்சென்று வந்தால் நல்லது. வினிகர் நெடி வந்தால் வேண்டாம். நகப்பூச்சு வாசனை வந்தாலும் வேண்டாம். அதுவும் புளித்துப்போனதன் அடையாளம்தான். ஈரச்சாக்கு வாசனை என்றால் பூஞ்சை. கழுவித் தருகிறேன், வெயிலில் வைத்துத் தருகிறேன் என்று விற்பவர் சொல்வார். மரத்துக்குள் இறங்கிய நெடி அப்படியெல்லாம் போகாது.

வாசனையே இல்லையென்றால்? அதுவும் வேண்டாம். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்திருக்கும். வெறும் மரத்துக்குக் காசு கொடுப்பானேன். எப்போது காலி செய்தார்கள் என்று கேளுங்கள். சில வாரங்களுக்குள் என்றால்தான் மேலே பேசுங்கள்.

அடுத்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தீக்குச்சி, மெழுகுவத்தி, லைட்டர் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். உள்ளே நிற்பது சாராய ஆவி, பீப்பாயே வெடிக்கும். விளையாட்டில்லை. பூர்பன் பீப்பாய் என்றால் உட்சுவர் முதலைத் தோல் மாதிரி கருகி வெடித்திருக்கும், அது சரியானதுதான். வைன் பீப்பாயில் கண்ணாடித்தூள் போல மின்னும் படிகங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், திராட்சையில் இருக்கும் டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு அது. பச்சையாகவோ வெள்ளையாகவோ பஞ்சு மாதிரி ஏதாவது தெரிந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கொடைக்கானல் ரிசார்ட்டுகளில் மேசையாக நிறுத்தியிருக்கும் பீப்பாயை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வார்னிஷ் அடித்தது, மெழுகு பூசியது, வேறு ரசாயனம் வைத்திருந்தது எதுவும் உணவுக்கு உதவாது.

மூன்றாம் படி: அளவும் கட்டும்

பூர்பன் பீப்பாய் சுமார் 200 லிட்டர், போர்தோ வகை வைன் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். காலியாகவே ஐம்பது கிலோவை ஒட்டிய எடை. அலங்காரக் கடைகளில் கிடைக்கும் குட்டிப் பீப்பாய்கள் பெரும்பாலும் புதியவை, உள்ளே எந்த மதுவும் இருந்திருக்காது.

பெரியது என்று தயங்க வேண்டாம். பீர் என்றால் விளிம்பு வரை நிரப்பியாக வேண்டும், காற்று நின்றால் புளித்துவிடும். கொட்டைக்கு அந்தத் தொல்லை கிடையாது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் 90 கிலோ வரை பிடிக்கும். முதல்முறை 30 கிலோ போட்டாலும் போதும். காலியிடம் இருந்தால்தான் உருட்டும்போது கொட்டை புரளும்.

இரும்பு வளையங்கள் ஆடக் கூடாது. பலகைகளுக்கு நடுவே பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால் வேண்டாம்.

நான்காம் படி: மலைக்குக் கொண்டுவருதல்

அடியில் தேங்கிய மதுவை முழுக்க வடித்துத் தரச் சொல்லுங்கள். தேங்கிய மது காப்பிக்கும் ஆகாது, வழியில் சோதனைச் சாவடிக்கும் ஆகாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. 'பயன்படுத்திய காலிப் பீப்பாய்' என்று தெளிவாக எழுதிய பில் வண்டியிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: எப்போது, எங்கே வைப்பது

பாதிப்பேர் கோட்டைவிடுவது இங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரம்பிக்காதீர்கள். அறுவடை முடிந்து, கொட்டை களத்தில் காய்ந்து, கியூரிங்கும் ஆகி வரும்போது எப்படியும் மாசி ஆகிவிடும். மலையில் காற்று உலர்ந்திருக்கும் காலமும் அதுதான். கொடைக்கானல் ஊருக்குள் மூடுபனி அதிகம், வத்தலக்குண்டு வெயிலிலோ மரம் சீக்கிரம் காய்ந்து மணம் போய்விடும். தாண்டிக்குடி உயரத்தில், வெயில் படாத காற்றோட்டமான அறை தோதான இடம்.

கொட்டையை மூடியிருக்கும் காய்ந்த பார்ச்மென்ட் தோலை நீக்கிய கொட்டையைத்தான் போட வேண்டும், தோல் இருந்தால் மணம் சரியாக ஏறாது. ஈரப்பதம் 10 முதல் 11 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மீட்டர் இல்லாதவர்கள் கியூரிங் கூடத்தில் பார்த்துக்கொள்ளலாம். போன வருடத்துச் சரக்கைப் பீப்பாய் காப்பாற்றும் என்று சிலர் நினைக்கிறார்கள். காப்பாற்றாது, பழைய கொட்டையின் மரச்சுவையோடு பீப்பாயின் மரச்சுவையும் சேர்ந்துகொள்ளும்.

புனல் வைத்துத் துளை வழியாகக் கொட்டுங்கள். தக்கையை அடைத்து, தினம் ஒருமுறை உருட்டுங்கள். வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி எடுத்து ஈரம் பாருங்கள், வறுத்துக் குடித்தும் பாருங்கள். பொதுவாக மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் மணம் பிடித்துவிடும். ஈரம் 12.5 சதவீதத்தைத் தாண்டினால், மணம் ஏறியதோ இல்லையோ, உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எடுத்து வறுப்பது

துளையைக் கீழே பார்க்கத் திருப்பி ஆட்டினால் கொட்டை கொட்டும். பொறுமை வேண்டும். நிழலில் மெல்லியதாகப் பரப்பி மறுபடி 11 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். பூர்பன் பீப்பாய் என்றால் கரித்துணுக்குகள் கலந்திருக்கும், முறத்தில் புடைத்தால் போய்விடும்.

வறுவலை மென்சூட்டில் தொடங்கி, நடுத்தர நிறத்தில் நிறுத்துங்கள். கறுக்க வறுத்தால் இத்தனை வாரம் ஏற்றிய மணம் புகையோடு போய்விடும். அப்புறம், சிக்கரி கலக்கவே கலக்காதீர்கள். பால் ஊற்றிக்கொள்வது அவரவர் இஷ்டம்.

காலியான அன்றே அடுத்த கொட்டையைப் போட்டால் அதே பீப்பாய் இரண்டாம் சுற்றுக்கும் வரும், மணம் மட்டும் மெல்லியதாக இருக்கும். ஒன்றிரண்டு வாரம் கூட்டி வையுங்கள்.