பௌத்தம் அலமாரியில் இருக்கிறது, கணினியில் இல்லை: நூலகப் பட்டியலில் தமிழைச் சுத்தம் செய்வது எப்படி?

மென்பொருள் வந்துவிட்டால் புத்தகம் தேடுவது சுலபம் என்பார்கள். உள்ளே ஏற்றிய தமிழ் ஒழுங்காக இருந்தால் சுலபம்தான். எங்கள் கிளை நூலகத்தில் பௌத்தம் பற்றிய நூல்கள் ஒரு தட்டு நிறைய இருந்தும் கணினியில் ஒன்றுகூட வரவில்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், "என்னம்மா, புத்தரை நாடு கடத்திட்டீங்களா?" என்றே கேட்டுவிட்டார்.

தரவு ஏற்றியவர்கள் பௌ என்று ஒரே எழுத்தாக அடிக்காமல் 'பெளத்தம்' என்று, அதாவது பெ அடித்து, பக்கத்தில் ள அடித்திருந்தார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். ஔவையார், மௌனம், கௌரி, சௌந்தரம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். உங்கள் பட்டியலிலும் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

கண்டுபிடிக்க எக்செல் போதும். எழுத்துகளை எண்ணும் 'லென்' (LEN) சூத்திரத்தைப் போடுங்கள். அது புள்ளி, கொம்பு போன்ற குறிகளையும் தனித்தனியாக எண்ணும். பௌத்தம் என்பதற்கு 7 வர வேண்டும். 8 வந்தால் ள தனியாக நிற்கிறது. ஔவை என்றால் 3. ஒ, ள என்று பிரித்து அடித்திருந்தால் 4. இதே மாதிரி, கொ, கோ போன்றவற்றிலும் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருப்பார்கள். 'கொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டுங்கள். க மிஞ்சினால் சரி, கெ என்று நின்றால் இரண்டு துண்டு.

திருத்துவதற்கு முன் கோப்பை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேடி மாற்றும் வசதியில் முழுச் சொல்லாகக் கொடுங்கள்: ஒளவை என்பதை ஔவை, மெளனம் என்பதை மௌனம். அவசரப்பட்டு 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' என்று மாற்றினால் ஒளி, ஒளிப்படம் எல்லாம் உடையும். 'வெள' எல்லாவற்றையும் மாற்றினால் இன்னும் மோசம்: பதிப்பகப் பெயர்களில் வரும் 'வெளியீடு' அத்தனையும் 'வௌியீடு' ஆகிவிடும். சில எழுத்துரு மாற்றிகளே இந்த வேலையைச் செய்துவிடுவதால், மாற்றி முடித்ததும் முதலில் 'வௌி' என்று தேடிப் பாருங்கள்.

மாற்றி என்றதும் நினைவுக்கு வருகிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் காலத்துக் கோப்புகள் இன்னும் பல நூலகங்களில் உண்டு. அவற்றை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவியால் யூனிகோடாக்கலாம், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றலாம். தமிழ் உள்ள நெடுவரிசைகளை மட்டும் கொடுங்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருக்கும் எழுத்துரு. முழுத் தாளையும் கொடுத்தால் ஆங்கிலத் தலைப்புகளும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும்.

சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி வேண்டாம். தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகும், திரும்ப மீட்க முடியாது. 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று பட்டியலில் தனியாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண் வரும் நெடுவரிசையை எண் ஏற்றுவதற்கு முன்பே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 13 இலக்கமும் 9.78E+12 என்று சுருங்கி நிற்கும். நூலகம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் சேர்க்கை எண்ணின் முன்னால் உள்ள சுழியங்களும் காணாமல் போகும்.

கோஹா பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்ட இலவச நூலக மென்பொருள் அது. தமிழுக்கும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஸீப்ரா தேடுபொறியோடு நிறுவினால் யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் 'ஐசியூ' (ICU) முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே நிறுவியாகிவிட்டது என்றால் மாற்றிவிட்டு, அட்டவணையை முழுதாக மறுபடி உருவாக்க வேண்டும். நிறுவித் தருபவர் "எல்லாம் ஒன்றுதான் மேடம்" என்றால் நம்பாதீர்கள். அவர் முன்னாலேயே பத்துத் தமிழ்த் தலைப்புகளைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள்.

இரவல் மேசையில் பார்கோடு ஸ்கேனர் திடீரென்று தமிழில் உளறினால் பயப்பட வேண்டாம். யூஎஸ்பி ஸ்கேனர் கணினியைப் பொறுத்தவரை இன்னொரு விசைப்பலகை, அவ்வளவுதான். கணினி தமிழ் 99 விசைப்பலகை முறையில் இருக்கும்போது ஸ்கேன் செய்தால், சேர்க்கை எண்ணில் உள்ள ஆங்கில எழுத்தும் தமிழாகவே விழும். ஆங்கிலத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். புதிதாக பார்கோடு அச்சிடப் போகிறீர்களா? எண்கள் மட்டும் போதும்.

தட்டில் இல்லாத பழைய நூலைக் கேட்டு வருபவர்களுக்காகச் சில தளங்களை உலாவியில் குறித்து வையுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஏராளம். ஈழத்து நூல், இதழ் என்றால் நூலகம் தளம். சங்க இலக்கிய மூலம் வேண்டுமென்றால் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம். அங்கும் பௌத்தம் என்று தேடிக் கிடைக்காவிட்டால், பெளத்தம் என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள்.