பனிக்காலத்தில் ட்ரவுட்: டெக்கர்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு

டென்வர் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலர் அக்டோபர் முடிந்ததும், பூச்சி போலக் கட்டிய செயற்கை இரையான ஃப்ளையை வீசி ட்ரவுட் மீன் பிடிக்கும் ஃப்ளை ராடைத் துடைத்து மூலையில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ஜனவரி, பிப்ரவரியில் சவுத் பிளாட் ஆற்றில் கூட்டம் குறைவு, தண்ணீர் பளிங்கு. மீனும் கிடைக்கும். கோடையில் பிடித்த மாதிரியே பிடிக்கப் பார்த்தால்தான் கிடைக்காது.

முதலில் எந்த ஆறு என்று பாருங்கள். மலையில் பல ஆறுகள் உறைந்து மூடிவிடும். அணைக்குக் கீழே ஓடும் ஆறுதான் நமக்குச் சரி. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸ் அளவில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் அணையின் மேல்பரப்பு பனிக்கட்டியாகக் கிடந்தாலும் அடியில் தங்குவது ஏறக்குறைய அந்த 4 டிகிரித் தண்ணீர். அது அடிமதகு வழியாக வெளியே வருவதால், கீழே சில மைல் தூரத்துக்கு ஆறு திறந்தே கிடக்கும். சவுத் பிளாட்டில் 1905-ல் கட்டி முடித்த சீஸ்மன் அணைக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கும், அதற்கும் கீழே டெக்கர்ஸ் என்ற சிற்றூரை ஒட்டிய பகுதியும் இப்படிப்பட்டவை. பள்ளத்தாக்குக்குக் கில் ட்ரெயில் என்ற ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். பனி இறுகியிருக்கும் நாளில் முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம். டெக்கர்ஸில் சாலையை ஒட்டியே ஆறு. இடையில் தனியார் நிலமும் உண்டு, பலகையைப் பார்த்து இறங்குங்கள். 16 வயது ஆனவர்களுக்கு உரிமம் கட்டாயம்.

மேட்டூரில் விநாடிக்கு எத்தனை கன அடி திறந்தார்கள் என்று ஊரில் செய்தி பார்ப்போமே, அதுபோலக் கிளம்புவதற்கு முன் சீஸ்மன் திறப்பையும் பாருங்கள். கொலராடோ நீர்வளத் துறையின் இணையதளத்தில் இருக்கும். பனிக்காலத்தில் 100 கன அடிக்குக் கீழேகூட வரும். அப்போது தண்ணீர் ஆழமில்லாமல் தெளிந்து கிடக்கும், மீன் உங்களைச் சுலபமாகப் பார்த்துவிடும். குனிந்து, கீழ்ப்பக்கத்திலிருந்து மெதுவாக நெருங்குங்கள்.

விடிவதற்கு முன்னால் எழுந்து ஓட வேண்டிய அவசியமே இல்லை. காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 வரை போதும். ட்ரவுட்டின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். குளிரக் குளிர அதன் செரிமானம் மந்தமாகும், இரைக்காகத் துரத்தி ஓடாது. வேகமான நீரோட்டத்தை விட்டுவிட்டு, ஆழமான மடுக்களிலும் பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் இடங்களிலும் அடியோடு ஒட்டிப் படுத்திருக்கும். நீங்கள் போடும் ஃப்ளை அதன் வாய்க்கு நேராக, நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். ஒரு அடி தள்ளிப் போனாலும் பல நேரம் அது திரும்பிப் பார்க்காது. பனிக்கால மீன்பிடிப்பில் பாதி வேலை இதுதான்.

அதற்கு ஆழத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 9 அடி லீடர் (ஃப்ளை லைனின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு), அதன் முனையில் 6எக்ஸ் ஃப்ளூரோகார்பன் டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் இன்னும் மெல்லிய நரம்பு), இரண்டு நிம்ஃப் (தண்ணீருக்குள் மூழ்கிப் போகும் ஃப்ளை), மேலே ஒரு சிறிய தக்கை. முதல் ஃப்ளைக்கும் இரண்டாவதற்கும் ஒன்றரை அடிக்குள் இடைவெளி. மேல் ஃப்ளைக்குச் சற்று மேலே கடுகளவு ஈயக்குண்டு ஒன்று. மீன் எடுக்கவில்லை என்றதும் எல்லாரும் ஃப்ளையை மாற்றுகிறார்கள். நான் முதலில் ஈயத்தைக் கூட்டுவேன், அப்புறம் தக்கையை நகர்த்துவேன், ஃப்ளையை மாற்றுவது கடைசியில்தான். ஈயம் அவ்வப்போது அடியில் தட்டிக்கொண்டே போனால் ஆழம் சரி.

ஃப்ளை பொடியாக இருக்கட்டும். பனிக்காலம் முழுவதும் பொரிந்து வருவது மிட்ஜ் பூச்சி. பார்க்கக் கொசுதான், கடிக்காது. எண் 20 முதல் 24 வரையிலான முள்ளில் கட்டிய ஸீப்ரா மிட்ஜ் என் பெட்டியில் எப்போதும் இருக்கும்: கறுப்பு நூல், மேலே இடைவெளிவிட்டுச் சுற்றிய வெள்ளிக்கம்பி, தலையில் ஒரு மணி, அவ்வளவுதான். கூடவே ரிம் சங் என்பவர் இந்த ஆற்றுக்காகவே உருவாக்கிய ஆர்எஸ்2 என்ற ஃப்ளை.

கடி என்று எதிர்பார்த்து நிற்காதீர்கள். தக்கை முங்காது, ஒரு கணம் தயங்கும், அல்லது நீரோட்டத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும். தெளிந்த தண்ணீரில் மீனையே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. வாய் திறக்கும்போது உள்ளே வெள்ளையாக ஒரு மின்னல் தெரியும். அந்த நொடியில் ராடை லேசாக உயர்த்தினால் போதும், வெட்டி இழுத்தால் 6எக்ஸ் அறுந்துவிடும்.

ராடின் வளையங்களில் பனிக்கட்டி அடைக்கும். விரலால் உடைத்தால் நுனி முறியும். ராடைத் தண்ணீருக்குள் சில நொடி வைத்திருங்கள், காற்றைவிடத் தண்ணீர் சூடு என்பதால் கரைந்துவிடும்.

மீனை மட்டும் தயவுசெய்து வெளியே தூக்காதீர்கள். காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது செவுளின் மெல்லிய இழைகள் சில நொடிகளில் உறைந்து சேதமாகிவிடும். முள்ளின் தாடியை (நுனிக்கருகே பின்னோக்கி நீட்டிய சிறு கூர்) முன்பே நசுக்கிவிடுங்கள். வலையைத் தண்ணீரிலேயே வைத்து, கையை நனைத்துக்கொண்டு, முள்ளை உருவி விட்டுவிடலாம். படம் எடுக்க வேண்டுமென்றால் மீன் தண்ணீருக்குள் இருக்கும்போதே எடுங்கள். பள்ளத்தாக்கில் செயற்கை ஃப்ளையும் லூரும் (உலோகம், பிளாஸ்டிக் போன்றவற்றில் செய்த போலி இரை) மட்டுமே, பிடித்த ட்ரவுட் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்.

இன்னொன்று. பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்தில் சரளைக்கல்லைக் கிளறி முட்டையிடும். பாசி இல்லாமல் வெளிறிய வட்டம் ஒன்று அடியில் தெரிந்தால் அதன்மேல் கால் வைக்காதீர்கள். அடுத்த தலைமுறை பனிக்காலம் முழுக்க அந்தக் கல்லுக்குள் கிடக்கிறது.

உடைக்குப் பருத்தி கூடாது, கம்பளி போடுங்கள். காலுறையை இரண்டு மூன்று திணித்தால் ரத்த ஓட்டம் நின்று பாதம் இன்னும் விறைக்கும், தடிமனாக ஒன்று போதும். ஃபெல்ட் அடி வைத்த பூட்ஸில் பனி உருண்டை ஒட்டிக்கொள்ளும். ஆணி பதித்த ரப்பர் அடி நல்லது. வேடர்ஸுக்கு (ஆற்றில் இறங்கப் போடும் நீர் புகாத உடை) இடுப்புப் பட்டை அவசியம். கரையோரம் நீட்டிக்கொண்டிருக்கும் பனித்தட்டின்மேல் ஒருநாளும் ஏறாதீர்கள், அதன் அடியில் நிலம் இருக்காது. மாற்றுத்துணி ஒரு ஜோடி காரில் இருக்கட்டும்.

மூன்று மணி வாக்கில் மலை நிழல் ஆற்றில் விழும், மீனும் எடுப்பதை நிறுத்தும். அப்போதே கிளம்பிவிடுங்கள். செடேலியா போகும் 67-ம் எண் சாலையில் வெயில் படாத வளைவுகள் நிறைய. பகலில் உருகிய பனி இருட்டியதும் கண்ணுக்குத் தெரியாத பனித்தோலாக இறுகும்.