சோழர் விழாக் காலத்தில் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி சதயம் நெருங்கினால் ராஜராஜனைப் பற்றிய கட்டுரைகளும் காணொளிகளும் குவிகின்றன. ஆடித் திருவாதிரைக்கு ராஜேந்திரன் முறை. ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த அரசர்களை நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடுவது மகிழ்ச்சியான விஷயம். ஆனால் அதோடு சேர்ந்து அதே பிழைகளும் ஆண்டுதோறும் சுற்றி வருகின்றன. கல்வெட்டு சொல்வதை நிதானமாகப் படித்தாலே அவற்றில் பாதி காணாமல் போய்விடும்.

முதலில் விழாவின் எண்ணிக்கை. 2025-இல் நடந்தது 1040-ஆவது சதய விழா. இதைப் பலரும் ‘ராஜராஜனின் 1040-ஆவது பிறந்தநாள்’ என்று எழுதினார்கள். கழித்துப் பாருங்கள், 985 வருகிறது. அது அவர் அரியணை ஏறிய ஆண்டு. நட்சத்திரம் பிறந்த நாளுக்கு உரியது, எண்ணிக்கையோ பட்டத்துக்கு வந்த ஆண்டிலிருந்து போடப்படுகிறது. இரண்டையும் ஒட்டவைத்தால் பிறந்த ஆண்டிலேயே முடிசூடியவர் ஆகிவிடுவார். ‘1040-ஆவது சதய விழா’ என்று எழுதினால் போதும். ராஜேந்திரன் விஷயத்தில் வேறொரு குழப்பம். பழைய நூல்கள் சிலவற்றில் அவர் பிறந்தது மார்கழித் திருவாதிரை என்று இருக்கும். திருவாரூர்க் கல்வெட்டில் அவரே தன் தந்தைக்கு ஐப்பசிச் சதயத்தையும் தனக்கு ஆடித் திருவாதிரையையும் பிறந்த நாளாகக் குறித்திருக்கிறார். பழைய நூலை எடுத்து எழுதும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது ஆட்சியாண்டுக் கணக்கு. என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொறி. சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் ‘யாண்டு இத்தனையாவது, நாள் இத்தனை’ என்றுதான் பேசும். அதைப் பார்த்ததும் 985-ஓடு கூட்டிவிடுகிறார்கள். ஆனால் முதல் ஆட்சியாண்டு என்பதே 985-இல் தொடங்குவது; அதனால் ஒன்றைக் கழித்துத்தான் கூட்ட வேண்டும். ராஜராஜன் ஆட்சி தொடங்கியது 985 ஜூன் கடைசிக்கும் ஜூலை கடைசிக்கும் இடையில். ஆக 25-ஆவது ஆண்டு 1009 நடுவில் தொடங்குகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு அவர் செப்புக் கலசம் கொடுத்தது அந்த ஆண்டின் 275-ஆவது நாள், அதாவது 1010 மார்ச் கடைசி அல்லது ஏப்ரல். இங்கே வெறுமனே கூட்டினாலும் 1010 வந்துவிடுவதால் தவறு வெளியே தெரியாது. ஆனால் ‘நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக’ என்ற அந்தப் புகழ்பெற்ற ஆணையைப் பாருங்கள். 26-ஆவது ஆண்டு, 20-ஆவது நாள். கூட்டுகிறவர் 1011 என்பார். உண்மையில் அது 1010 ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வந்த ஆணை. கலசத்துக்கும் ஆணைக்கும் நடுவே நாலு மாதம்கூட இல்லை! கொடை செய்த கையோடு அத்தனை பேருடைய கொடையையும் பதியச் சொல்லியிருக்கிறார் என்ற அழகான செய்தி இந்தக் கணக்கில்தான் புலப்படுகிறது.

ராஜேந்திரனுக்கு இன்னும் கவனம் தேவை. தந்தை உயிரோடு இருந்தபோதே, 1012-இல், இளவரசுப் பட்டம் பெற்றார். அவருடைய ஆட்சியாண்டுகள் அங்கிருந்தே எண்ணப்படுகின்றன. தனியாக ஆளத் தொடங்கிய 1014-இலிருந்து எண்ணினால் எல்லாமே இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். கடாரப் (இன்றைய மலேசியாவின் கெடா) படையெடுப்பு 14-ஆவது ஆட்சியாண்டை ஒட்டியது. 1025 என்று சொல்வது அதனால்தான்.

கடாரம் என்றதும் தென்கிழக்காசியா முழுவதும் சோழர் வண்ணம் பூசிய வரைபடங்கள் வந்துவிடும். கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரையான மெய்க்கீர்த்தி என்ன சொல்கிறது? ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ கடாரத்து அரசன் சங்கிராம விசையோத்துங்க வர்மனைப் பிடித்ததையும், யானைகளையும் நிதிக் குவியலையும் வித்தியாதர தோரணத்தையும் கொண்டதையும் சொல்கிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, இலங்காசோகம், மாநக்கவாரம் என்று ஊர்களை அடுக்குகிறது. அங்கெல்லாம் வரி வாங்கி, அதிகாரி வைத்து ஆண்டதாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கடல் தாண்டி இவ்வளவு தூரம் படை போனதே பிரமிக்க வைக்கும் காரியம். அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. மெய்க்கீர்த்தி அரசனின் புகழைப் பாடுவதற்கென்றே எழுதப்பட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

செப்பேடுகளில் வேறு வகைச் சிக்கல். ஏடு சொல்லும் நிகழ்ச்சியின் காலமும் ஏடு வெட்டப்பட்ட காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்துச் சூளாமணி பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்தது அவருடைய 21-ஆவது ஆண்டில். அதைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தது மகன் ராஜேந்திரன். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது இதுதான். ‘ராஜராஜன் வெளியிட்ட செப்பேடு’ என்று எழுதுவது பாதி உண்மை. திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இது இன்னும் தெளிவு. தமிழ்ப் பகுதி ராஜேந்திரனின் 6-ஆவது ஆண்டைச் சொல்கிறது, வடமொழிப் பகுதியோ கங்கையையும் கடாரத்தையும் பாடுகிறது. 6-ஆவது ஆண்டில் அந்த வெற்றிகள் நடக்கவே இல்லை. வடமொழிப் பகுதி பிறகு சேர்ந்தது என்றுதானே பொருள்?

கட்டடங்களுக்கும் இதே பார்வை வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தில் இருப்பதெல்லாம் ராஜராஜன் கட்டியது அல்ல. அம்மன் சந்நிதி பாண்டியர் காலம். நுணுக்கமான சுப்பிரமணியர் கோயிலும் இப்போதுள்ள பெரிய நந்தியும் நாயக்கர் காலம். கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் ஓவியங்களுக்குக் கீழே சோழர் ஓவியம் இருப்பது 1931-இல்தான் தெரியவந்தது. சிலையோ நின்ற இடத்தைவிட்டு நகரவும் கூடும். தாராசுரத்தில் இருந்த ஒரு துவாரபாலகர் சாளுக்கியர் கைவேலை. பீடத்தில் இருப்பது தமிழ் எழுத்து. ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று கொண்டுவந்தது என்று அந்த எழுத்தே சொல்லிவிடுகிறது. அந்த வரி இல்லையென்றால் எத்தனை கதை கிளம்பியிருக்கும்!

பெரிய கோயிலைப் பற்றிச் சொல்லும் நிழல் விழாத கோபுரம், 80 டன் ஒற்றைக்கல் இரண்டையும் விட்டுவிடலாம். நிழல் விழுகிறது, வெயிலில் போய் நின்றால் தெரியும். உச்சிச் சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது.

எழுத்தில் செய்யும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம், கல்லில் செய்வதைத் திருத்த முடியாது. படம் தெளிவாக வரட்டும் என்று கல்வெட்டில் சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சம் விழும்போது எடுத்தால் எழுத்து தானாகவே எழுந்து தெரியும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் ஒரு டார்ச் பிடித்தால் போதும்.

குழி தோண்டும்போது சிலையோ செப்பேடோ கிடைத்தால் எடுத்துப் புளி போட்டு விளக்கிவிடுகிறார்கள். பக்திதான் காரணம், ஆனால் மேல்படிவத்தோடு எழுத்தின் நுண்கோடுகளும் தேய்ந்துபோகின்றன. எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்ற தகவலும் அதோடு போய்விடும். 2023-இல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டியபோது செப்புத் திருமேனிகளோடு தேவாரப் பதிகங்கள் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகள் வெளிவந்தன. அப்படி ஒன்று உங்கள் ஊரில் கிடைத்தால் தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, கிடந்த நிலையிலேயே படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ உடனே சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம்.