"அக்செஸ் டினைட்" என்று வந்தால் வேலியைப் பிடுங்காதீர்கள்

போன கிழமை ஒரு தம்பி லப்டொப்போடு வந்தான். கொக்குவிலில் ஒரு கடைக்கு ஆரோ எப்போதோ எழுதிக் கொடுத்த இருப்புக் கணக்கு அப்லெற் (பிரவுசருக்குள் ஓடும் சின்ன ஜாவா நிரல்), பழைய ஜாவா 7 போட்ட கணினி. "அண்ணை, எக்ளிப்ஸில ஓடுது, பிரவுசரில போட்டா டேற்றாபேஸோட கதைக்குதில்லை." எக்ளிப்ஸ் நிரல் எழுதும் கருவி. பிழைச் செய்திகள் வரும் ஜாவா கொன்சோலைத் திறக்கச் சொன்னேன். அக்செஸ் டினைட், சொக்கெற் பெர்மிஷன், 192.168.1.20:3306. அதாவது, அந்த முகவரியின் 3306 போர்ட்டோடு இணைய அனுமதி இல்லை. விஷயம் முழுக்க அந்த ஒரு வரியில் கிடந்தது, அதை வாசிக்காமல் இரண்டு நாள் ரவுட்டரை நோண்டியிருக்கிறான்.

கையொப்பமிடாத (எழுதியவர் ஆர் என்ற டிஜிட்டல் சான்று இல்லாத) அப்லெற், தான் இறங்கி வந்த சேர்வரோடு மட்டும்தான் இணையலாம். இறங்கி வந்த இடம் என்றால் ஜார் கோப்பு (அப்லெற்றின் நிரல் கட்டு) வந்த இடம், பக்கம் வந்த இடம் இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான். இவனுடைய ஜார் 192.168.1.10 இல் (சுருக்கமாக .10), மைஎஸ்கியூஎல் டேற்றாபேஸ் .20 இல். எக்ளிப்ஸில் ஓடியது ஒரு சான்றே இல்லை, ஏனென்றால் அது அப்லெற்வியூவர் என்ற சோதனைக் கருவியில் திறந்து எல்லா அனுமதியும் கொடுக்கும் பொலிசிக் கோப்பையும் (அனுமதிப் பட்டியலையும்) தானே எழுதி வைத்துவிடும்.

அடுத்ததுதான் எனக்குக் கோபம் வரும் தவறு. கடைக் கணினியின் பொலிசிக் கோப்பில் எல்லா அனுமதியையும் எழுதிவிடுவது. கோட்பேஸ் (எந்த முகவரியிலிருந்து வரும் நிரலுக்கு என்பது) போடாமல் எழுதினால், அந்தக் கணினியில் எந்தத் தளத்து அப்லெற் வந்தாலும் அதே அனுமதி கிடைக்கும். பக்கத்து வளவுக்குப் போக வேலியில் ஒரு பொட்டு போதும், அதற்காக முழு வேலியையும் பிடுங்குவதா?

நாமே கையொப்பமிடலாமே என்றால், 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7 அப்டேற் 51 முதல் அதுவும் இயல்பாகவே தடைதான். விதிவிலக்குப் பட்டியலில் கடை முகவரியைச் சேர்த்தால் அப்லெற் ஓடும், ஆனால் கையொப்பமிடாதது அந்த வேலிக்குள்தான் நிற்கும்.

சரி, என்ன செய்வது? .10 இல் ஒரு சின்ன சேர்வ்லெற் (சேர்வரில் ஓடும் ஜாவா நிரல்) வையுங்கள். அப்லெற் அதைக் கேட்கட்டும், அது .20 இடம் கேட்டுச் சொல்லட்டும். சேர்வ்லெற்றின் முகவரியைக் கோடில் கையால் எழுதாமல், அப்லெற் இறங்கி வந்த முகவரியைத் தரும் கெற்கோட்பேஸ் மூலம் எடுங்கள். டேற்றாபேஸ் கடவுச்சொல்லும் ஜாருக்குள் இருக்காது. ஜாரைப் பிரித்து வாசிக்கச் சில நிமிடம் போதும் என்பதை மறக்கக் கூடாது.

அப்லெற் தோன்றவே இல்லையா? அது நெற்வேர்க் பிரச்சினையே இல்லை. குரோம் 2015 செப்டெம்பரிலும் ஃபயர்பொக்ஸ் 2017 மார்ச்சிலும் அப்லெற்றை ஓட்டும் ஜாவா செருகியைக் கைவிட்டன, 2018 இல் ஜாவா 11 அதை நீக்கியே விட்டது. பிரவுசரைத் தேடி அலையாமல், அந்த சேர்வ்லெற்றுக்கு முன்னால் ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.

தம்பி அடுத்த நாள் பின்னேரமே சேர்வ்லெற்றைப் போட்டு முடித்தான். அப்புறம் .20 இன் 3306 போர்ட்டை .10 தவிர மற்ற எல்லாருக்கும் பூட்ட வைத்தேன்.